தொய்ந்த பட்டை, வெடித்த புஷ், ஓய்ந்த ஷாக் அப்சார்பர்

"வண்டி பின்னால் உட்கார்ந்துவிட்டது, ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும்." இடுக்கியின் கம்பம்மெட்டு, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று ஏலத்தோட்டச் சாலைகளில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பொலேரோ வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு இது. புது ஷாக் வாங்கி மாட்டிய பிறகும் வண்டி உட்கார்ந்தபடியேதான் இருக்கும். ஏனென்றால் சாதாரண ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைச் சுமப்பதே இல்லை. அதைச் சுமப்பது பட்டை என்று நாம் சொல்லும் எஃகு ஸ்பிரிங். பின்புறச் சஸ்பென்ஷனில் பட்டை, ஷாக், பட்டையின் முனையில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ் என மூன்று உறுப்புகள் தேய்கின்றன. மூன்றும் ஒரே வயதில் தேய்ந்தாலும், ஒவ்வொன்றும் இழப்பது வேறு வேறு. எது எதை இழந்தது என்று தெரிந்துகொண்டால் வீட்டு வாசலிலேயே இந்த வேலையைச் செய்யலாம். தெரியாமல் செய்தால் காசும் போகும், வண்டியும் கெடும்.

முதலில் பட்டை. ஸ்கார்பியோ, சஃபாரி போன்ற வண்டிகளின் பின்புறம் சுருள் ஸ்பிரிங் இருக்கும். பொலேரோ, கமாண்டர் போன்றவற்றில் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். வில்வண்டியின் அடியில் இருந்த அதே அமைப்புதான். நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் கண்போலச் சுருட்டப்பட்டிருக்கும். முன்கண் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் நிலையாக நிற்கும், பின்கண் ஷாக்கிள் என்ற ஊசலாடும் இணைப்பில் தொங்கும். சுமை ஏறும்போது வளைவு நிமிர்கிறது. நிமிர நிமிர இரு கண்களுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடம் விடத்தான் ஷாக்கிள் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. ஷாக்கிள் துருப்பிடித்து இறுகிவிட்டால், எவ்வளவு நல்ல பட்டையும் கட்டை மாதிரி ஆகிவிடும்.

நடுவில் ஒரு சென்டர் போல்ட் பட்டைகளைக் கோத்து, சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சில் நிற்கவேண்டிய இடத்தைக் குறிக்கிறது. இருபுறமும் U வடிவில் வளைந்த யு போல்ட்கள் பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்து இறுக்குகின்றன. இழுப்பைத் தாங்கவேண்டியது யு போல்டின் இறுக்கம்தான், சென்டர் போல்ட் அல்ல. யு போல்ட் தளர்ந்தால் பாரம் முழுவதும் அந்தச் சின்ன போல்டின்மேல் விழுந்து ஒருநாள் அது அறுந்துவிடும். அப்போது ஆக்சில் இடம் மாறிக் கோணலாக நிற்கும்.

தொய்ந்த பட்டை எதை இழந்திருக்கிறது? விறைப்பை என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. இழுப்புக்கு ஏற்ற நீட்சி என்று 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி, புதுப் பட்டைக்கும் பழைய பட்டைக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். எஃகின் மீள்தன்மை எண் வயதால் குறைவதில்லை. நூறு கிலோ ஏற்றினால் பழைய பட்டையும் புதுப் பட்டை அமுங்கும் அளவுதான் அமுங்கும். போனது வடிவம். தாங்கும் எல்லையைத் தாண்டிப் பலமுறை வளைக்கப்பட்டதால், சுமை இறங்கிய பிறகும் பழைய வளைவுக்கு அது முழுவதும் திரும்புவதில்லை. அதனால் வண்டி தாழ்ந்து நிற்கிறது. ஆக்சில் மேலே வந்து சேஸில் இடிக்காமல் காக்கும் ரப்பர் தடுப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இடம் சுருங்கிவிடுகிறது. அடுத்த பள்ளத்தில் கேட்கும் 'டம்' என்ற ஒலி, அந்த இடம் தீர்ந்துபோனதன் ஒலி.

இதற்கு எங்கள் பகுதியில் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகுவது. விறைப்பு குறையாத ஒன்றுக்கு மேலும் விறைப்பு ஏற்றுவது அது. அந்த வைத்தியத்தை நான் ஏற்கவில்லை. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு (கனம் × கனம் × கனம்) ஏற்ப உயர்கிறது. 7 மி.மீ. கனமுள்ள பட்டைக்குப் பதிலாக 8 மி.மீ. பட்டை போட்டால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். வண்டியின் எடையால் ஸ்பிரிங் 10 செ.மீ. அமுங்கியிருந்தால், உடற்பகுதி நொடிக்குச் சுமார் 1.6 முறை ஆடும். 5 செ.மீ. மட்டும் அமுங்கும்படி விறைப்பாக்கினால் அது 2.2 முறையாகும். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு அந்த வேறுபாட்டை உணரும். மூட்டை ஏற்றி மட்டுமே ஓடும் வண்டிக்குக் கூடுதல் பட்டை தகும். காலையில் ஏழெட்டுப் பேர், மாலையில் ஒருவர் என்று ஓடும் வண்டிக்கு உரிய அளவில் புதுப் பட்டைத் தொகுப்பு போடுவதே முறை.

பட்டறையில் கேஸ் வைத்துச் சூடேற்றிப் பழைய பட்டைக்கு வளைவு ஏற்றுவதும் உண்டு. பட்டை எஃகின் உறுதி அதற்குத் தரப்பட்ட வெப்பப் பதப்படுத்தலில் இருக்கிறது. கட்டுப்பாடின்றி ஓரிடத்தில் சூடேற்றினால் அங்கே பதம் போய்விடும், வளைவு மறுபடியும் சீக்கிரமே படியும். தொழிற்சாலையில் பட்டையின் மேற்பரப்பில் சிறு எஃகுக் குண்டுகளைப் பொழிந்து அடிப்பார்கள். அது மேல்தோலை அழுத்த நிலையில் வைத்து விரிசல் திறப்பதைத் தள்ளிப்போடுகிறது. சூடு அந்தப் பாதுகாப்பையும் அழித்துவிடும். விரிசல் விழுவது பெரும்பாலும் சென்டர் போல்ட் துளை அருகிலோ, யு போல்ட் இறுக்கம் முடியும் விளிம்பிலோதான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டார்ச் அடித்துப் பார்த்தால், மயிரிழைக் கோடாகத் துரு கசிந்திருப்பது தெரியும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பட்டையை வைத்து ஓட்டக் கூடாது.

ஷாக் அப்சார்பர் இழப்பது தடுப்பாற்றலை. உள்ளே எண்ணெயில் ஒரு பிஸ்டன் நகர்கிறது, அதிலுள்ள நுண்துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கித் தள்ளப்படுகிறது. நீருக்குள் கையை மெதுவாக நகர்த்தினால் எதிர்ப்பு தெரியாது, வேகமாக வீசினால் தெரியும். ஷாக்கும் வேகத்துக்கு ஏற்பத்தான் எதிர்க்கிறது, எடைக்கு ஏற்ப அல்ல. ஸ்பிரிங் சேர்த்துவைத்த ஆற்றலை வெப்பமாக்கி வெளியே விடுவதுதான் அதன் வேலை. அதனால் பள்ளம் நிறைந்த சாலையில் ஓடி நின்ற வண்டியின் ஷாக் சுடும். ஸ்பிரிங் விரியும்போது எதிர்ப்பு அதிகமாகவும், அமுங்கும்போது குறைவாகவும் இருக்கும்படி வால்வுகள் அமைக்கப்பட்டிருக்கும். சீல் கிழிந்து எண்ணெய் கசிந்தாலோ, எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தாலோ அந்த எதிர்ப்பு போய்விடும். போடிமெட்டுக் கொண்டையூசி வளைவுகளில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளினால் அந்தக் கணத்துக்கு அந்தச் சக்கரத்தில் பிரேக் இல்லை என்று பொருள். பின்பக்க மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். மேலே வந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் ஓய்ந்துவிட்டது. ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புஷ்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த உறுப்பு. பட்டையின் கண்ணில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம் அது. இயற்கை ரப்பர் சோர்வைத் தாங்குவதில் சிறந்தது. கோட்டயத்தில் ரப்பர் வாரியம் இருக்கும் மாநிலத்தில், மரத்தில் பால் வடிப்பவருக்கும் அந்த ரப்பரின் குணம் தெரியும். அதற்கு எண்ணெய் ஆகாது. டீசலோ கிரீஸோ பட்டால் ஊறி உப்பி மென்மையாகிவிடும். ஆகவே புஷ்ஷை உள்ளே தள்ளச் சோப்புநீர்தான் பூச வேண்டும். முன்கண் புஷ் தேய்ந்தால் ஆக்சில் ஒருபக்கம் முன்னும் பின்னும் நகரத் தொடங்கும். பின்சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் இருக்கும் வண்டியில் ஒருபக்கம் 5 மி.மீ. நகர்ந்தால் போதும், 10 மீட்டர் போவதற்குள் பின்புறம் மூன்றரை செ.மீ. அளவுக்கு விலகப் பார்க்கும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருப்பது அதனால்தான். முன்சக்கர அலைன்மென்ட் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்கள் பின்கண்ணையும் முன்கண்ணையும் ஒருமுறை பாரையால் நெம்பிப் பார்க்கட்டும்.

ரப்பர் புஷ்ஷின் உள்ளே எதுவும் வழுக்குவதில்லை. போல்ட் இறுக்கியதும் உட்குழாய் சேஸ் பக்கம் பிடிபடும், வெளிப்புறம் பட்டையின் கண்ணோடு பிடிபடும், நடுவிலுள்ள ரப்பர் முறுகி முறுகி அசைவைத் தாங்கும். வண்டியைத் தூக்கி, பட்டை தொங்கும் நிலையில் போல்டை முழுதாக இறுக்கிவிட்டால், ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலையே ஓய்வு நிலையாகிவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நிரந்தரமாக முறுகி நிற்கும், சில மாதங்களில் கிழியும். எனவே போல்டைக் கையளவு இறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரங்களில் நிறுத்தி, இருமுறை குலுக்கி, பிறகே இறுதி இறுக்கம் தர வேண்டும். கிரீஸ் அடிக்கும் உலோக புஷ்ஷுக்கு இந்த விதி இல்லை.

வேலைக்கு இறங்குமுன் சமமான, கெட்டியான தரை வேண்டும். மலைப்பகுதியில் அது கிடைப்பதே கடினம். சரிவில் செய்யவே கூடாது. பின்புறத்தைத் தூக்கிய பிறகு, பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். சேஸின் அடியில் இரும்பு ஸ்டாண்டு நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பியோ, செங்கல் அடுக்கியோ அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஆக்சிலைத் தனியாக இன்னொரு ஜாக்கியில் தாங்கி, பட்டையில் விசை தீர்ந்தபிறகே போல்டைக் கழற்றுங்கள். சுருள் ஸ்பிரிங் வண்டியில் இதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும். ஆக்சில் கீழே போகும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் சுமைக்கு ஏற்பப் பின்பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று ஆக்சிலோடு கம்பியால் இணைந்திருக்கும். பட்டையின் உயரம் மாறினால் அது தவறாக வேலை செய்யும். வண்டிக்குரிய கையேட்டின்படி அதைச் சரிசெய்ய வேண்டும்.

வேலையில் பாதி நேரத்தைத் தின்பது துருதான். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். இடுக்கி மழையில் ஊறிய போல்ட் உட்குழாயோடு ஒட்டிக்கொள்வது அதனால்தான். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பழைய புஷ் எப்படியும் குப்பைக்குத்தான், அதில் எண்ணெய் படலாம். யு போல்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இறுக்கத்தில் நீண்டது மறுமுறை அதே பிடியைத் தராது. புதியதைக் குறுக்குக் குறுக்காக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் குறைந்திருக்கும்.

கடைசியாக முகப்பு விளக்கு. பட்டை தொய்ந்திருந்த காலத்தில் வண்டியின் மூக்கு தூக்கி நின்றதால் ஒளியைக் கீழே இறக்கி வைத்திருப்பீர்கள். புதுப் பட்டையில் பின்புறம் 4 செ.மீ. உயர்ந்தால், 25 மீட்டர் தொலைவில் ஒளி 35 செ.மீ.க்கும் மேல் தாழ்ந்து விழும். மூடுபனி இறங்கும் முன் ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி அதையும் சரிசெய்துவிடுங்கள்.