‘லேசாகப் பட்டது’ என்று எழுத வைக்காதீர்கள்

நாய்க்கடி வழக்கோடு வருகிறவர்கள் கட்டைப் பிரித்துக் காயத்தைக் காட்டத் தொடங்குவார்கள். வக்கீலான நான் முதலில் கேட்பது மருத்துவமனைச் சீட்டை. அதில் ‘நாய்’ என்ற சொல்லே இல்லாததை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ‘கீழே விழுந்ததில் காயம்’, ‘கையில் லேசான கீறல்’ என்று இருக்கும். ஏன் இப்படி என்றால், கடித்தது பக்கத்து வீட்டு நாய். அந்த வீட்டுக்காரரேதான் வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்பார்கள். நல்ல மனசுதான். மூன்று மாதம் கழித்து விரல் மடங்கவில்லை, அறுவைச் சிகிச்சை தேவை என்று வரும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியிடம் நீட்டுவது அந்தச் சீட்டைத்தான்.

சட்டத்துக்கு முன்னால் சோப்பு. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடமாவது கழுவ வேண்டும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது என்பதால், ஊசி விஷயத்தில் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. ஆழமான கடியென்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போடச் சொல்லலாம். “எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று உரிமையாளர் சொன்னால், சரி, அந்தச் சான்றிதழை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த நாய்க்கு ரேபிஸ் அறிகுறி வருகிறதா என்று 10 நாள் கண்காணிப்பதும் வழக்கம். அதற்குள் அதை எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டால் மருத்துவருக்கும் நஷ்டம், வக்கீலுக்கும் நஷ்டம்.

ரத்தம் தோய்ந்த சட்டையைத் துவைக்காதீர்கள். காயத்தின் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து அன்றைக்கே படம் எடுங்கள்; இரண்டு மூன்று நாளில் கன்றிப்போய் நிறம் மாறும்போது இன்னொரு முறை எடுங்கள். பார்த்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். அந்த இடத்துக் கண்காணிப்பு கேமராவின் பதிவைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் உடனே போக வேண்டும், ஏனென்றால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

பொறுப்பு யாருடையது என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ‘முதல் கடிக்கு மன்னிப்பு’ என்று ஒரு பேச்சு உண்டு. நாய் ஆபத்தானது என்பது உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று பார்க்கும் பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து வந்தது அது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இன்றும் அந்தக் கேள்வி எழும். கலிபோர்னியாவில் எழாது, பொது இடத்திலோ, முறையாகப் போன இடத்திலோ கடித்தால் முதல் கடிக்கே உரிமையாளர் பொறுப்பு. ஆனால் அந்தச் சட்டப்பிரிவு கடிக்கு மட்டும்தான். நாய் மேலே பாய்ந்து தள்ளி இடுப்பெலும்பு உடைந்தால் கவனக்குறைவைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஜெர்மனியில் செல்லமாக வளர்க்கும் நாயென்றால் உரிமையாளரின் தவறைக் காட்டவே தேவையில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2020இல் தென்னாப்பிரிக்க உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவரை மூன்று நாய்கள் குதறியதில் அவருடைய இடது கை போய்விட்டது. யாரோ வெளியாள் கதவைத் திறந்துவிட்டதால் நாய்கள் வெளியே வந்தன, என் தவறு எதுவுமில்லை என்றார் உரிமையாளர். நீதிமன்றம் ஏற்கவில்லை. விலங்கு செய்த சேதத்தை அதை வைத்திருப்பவர்தான் சுமக்க வேண்டும் என்ற ரோமானியக் கொள்கை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

உரிமையாளர் தரப்பில் வழக்கமாக வருவது இரண்டு வாதங்கள்: நாயைச் சீண்டினார், அத்துமீறி உள்ளே வந்தார். பெரியவர்களிடம் இவை எடுபடலாம். நாலு வயதுக் குழந்தை வாலைப் பிடித்து இழுத்ததை அதே தராசில் வைப்பது கடினம். ‘நாய் ஜாக்கிரதை’ பலகை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஆளைக் கடிக்கும் என்று முன்பே தெரிந்துதானே மாட்டினீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்க அந்தப் பலகை எனக்குத்தான் உதவும்.

இழப்பீடு என்றால் மருத்துவச் செலவு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், போக்குவரத்து, வலி, தழும்பு, இனி செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சை, தெருவில் நாயைக் கண்டாலே உடல் நடுங்கும் பயம் என எல்லாவற்றையும் கேட்கலாம், ஆதாரம் இருந்தால். பக்கத்து வீட்டுக்காரரை நீதிமன்றத்துக்கு இழுப்பதா என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது: முதலில் அவருக்கு வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். பல நாடுகளில் அதிலிருந்தே பணம் வந்துவிடும், நட்பும் பிழைக்கும்.

அவசரத்தில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற வரி இருந்தால், அதற்கப்புறம் எது முளைத்தாலும் கேட்க வழி இருக்காது. தழும்பு முதிர்ந்து நிலைபெறவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். முகத்தில் கடிபட்ட குழந்தையென்றால் வளர வளரத் தழும்பின் இழுப்பும் மாறும்.

காலக்கெடுவையும் பாருங்கள். இங்கிலாந்தில் 3 ஆண்டு, கலிபோர்னியாவில் 2 ஆண்டு. இரண்டு இடத்திலும் குழந்தைகளுக்கு 18 வயதான பிறகே அந்தக் கணக்கு தொடங்கும். அதற்காக 18 வயது வரை காத்திருந்தால், அன்று கண்ணால் பார்த்தவர் அதே தெருவில் இருப்பாரா? குழந்தையின் வழக்கென்றால் படங்களையும் சாட்சியின் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் அந்த வாரமே வாங்கி வைத்துவிடச் சொல்வேன். வழக்கை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.