"ரெண்டு ஏ, ஒரு பி. கம்பஸ் கிடைக்குமோ, சேர்?"

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் அன்று என் கைபேசி ஓயாது. பாடசாலையில் தொழில் வழிகாட்டலுக்கு நான்தான் பொறுப்பு. பிள்ளைகளும் பெற்றோரும் இதைத்தான் கேட்பார்கள். "இசட் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டால் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இலங்கையில் 2001 முதல் அரச பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளிதான். ஒரே அமர்வில் மூன்று பாடங்களும் சித்தி, உயர்தரத்துடன் எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி. இவை இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படி வருவதன் சராசரியே உங்கள் இசட். ஒரு பேச்சுக்கு, பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைப்போம். 70 எடுத்த பிள்ளைக்கு இசட் 2. சராசரி 60 ஆக உள்ள வேறொரு பாடத்தில், அதே விலகலுடன், 75 எடுத்தவருக்கு 1 தான். சான்றிதழில் முதல் பிள்ளைக்கு பி, மற்றவருக்கு ஏ!

சரி, இசட் தெரிந்துவிட்டது. அடுத்தது மாவட்டம். மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 சதவீதம் சனத்தொகைப்படி 25 மாவட்டங்களுக்கும் பிரியும். மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அதனால்தான் கொழும்புக்கு ஒரு வெட்டுப்புள்ளி (தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த இசட்), முல்லைத்தீவுக்கு வேறொன்று. பாடசாலை மாணவருக்கு மாவட்டம் என்பது பிறந்த ஊர் அல்ல. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலை இருக்கும் இடம். சாதாரண தரம் முடிந்ததும் பெரிய நகரத்துப் பாடசாலைக்கு மாற நினைப்பவர்கள் இதை முதலே யோசிக்க வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது விண்ணப்பப் படிவம். கெட்டிக்கார மாணவன் ஒருவன், "கிடைக்காததை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகும்" என்று யாரோ சொன்னதை நம்பி, தான் விரும்பிய பாடநெறியை மூன்றாவதாகப் போட்டான். வெட்டுப்புள்ளி வந்தபோது அது அவனுடைய இசட்டுக்குக் கீழே இருந்தது. ஆனால் முதல் விருப்பத்துக்குத் தெரிவாகியிருந்தான். உங்கள் இசட் எட்டும் விருப்பங்களில் மேலே உள்ளதுதான் கிடைக்கும். எட்டாத ஒன்றை மேலே போடுவதால் எதுவும் குறையாது. போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து மாற்றவும் வேண்டாம், அது வருடா வருடம் மாறும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க விரும்புபவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அதற்கு உளச்சார்புப் பரீட்சை இருக்கிறது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த வருடமும் முடிவுத் திகதி போன பிறகுதான் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள்.