பதில் அம்மா சொல்லட்டும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அம்மா மகனோட வந்தாங்க, எழுபது வயசு தாண்டியிருக்கும். வயித்துல எரிச்சல், கால் குடைச்சல், ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. ஸ்கேன், ஈசிஜி, எண்டோஸ்கோபினு ஃபைல் ரொம்பி வழியுது, எல்லாமே நார்மல். வயசானவங்க யாரும் எனக்கு டிப்ரஷன்னு சொல்லிக்கிட்டு வர மாட்டாங்க, அசதி, படபடப்பு, "என்னத்த சாப்ட்டு என்ன" இப்படித்தான் வரும், அதனால நான் ஜி.டி.எஸ்-15ங்கற மனச்சோர்வு கேள்வித்தாள வச்சு கேட்டுடுவேன்.

பெரியவங்களுக்குன்னே 1980கள்ல உருவாக்கினது, 15 கேள்வி, ஆமா இல்லனு சொன்னா போதும், அஞ்சாறு நிமிஷத்துல முடிஞ்சிடும். இதுல தூக்கம், பசி பத்தி கேள்வியே கிடையாது, ஏன்னா சுகர், மூட்டுவலி, புராஸ்டேட்னு எதனாலயும் தூக்கம் கெடும், அத வச்சு மனசக் கணிக்க முடியாது. வாழ்க்கை வெறுமையா தெரியுதா, வெளிய போறதவிட வீட்லயே இருந்துடலாம்னு இருக்கா, இந்த மாதிரி தான் போகும். மார்க் 5ஐ தாண்டினா நிதானமா உக்காந்து விசாரிக்கணும், தைராய்டு, பி12, சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் பாக்கணும், மார்க்க மட்டும் வச்சு மாத்திரை எழுதிடக் கூடாது. மறதி நோய் முத்தினவங்களுக்கு இது சரிப்படாது, அவங்களுக்கு கூட இருந்து பாத்துக்கறவங்கள கேக்கற மாதிரி வேற கேள்வித்தாள் இருக்கு.

முதல் கேள்வி கேட்டதுமே மகன் முந்திக்கிட்டார், "அம்மாவுக்கு என்ன சார் குறை, தனி ரூம், டிவி எல்லாம் இருக்கு". பாசத்துல தான் சொல்றார், ஆனா அந்தம்மா அவர் முகத்தப் பாத்துட்டு "ஆமா, நல்லா தான் இருக்கேன்"னுட்டாங்க. பத்து நிமிஷம் வெளிய இருங்க தம்பினு அனுப்பிட்டு, காது மெஷின ஆன் பண்ணிவிட்டு, அதே கேள்விய மறுபடி கேட்டேன். முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க, அப்பறம் "அவரு போனதுலேந்து பேச ஆளில்ல சாமி"ன்னாங்க. மார்க் 11.

தற்கொலை எண்ணம் பத்தி ஜி.டி.எஸ்-15ல நேரடி கேள்வி இல்ல, பி.எச்.க்யூ-9ங்கற இன்னொரு மனச்சோர்வு கேள்வித்தாள்ல கடைசிக் கேள்வியே அது தான், அதனால எப்பவும் தனியா கேட்டுடுவேன். கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோனு நிறைய பேர் பயப்படறாங்க, அப்படி எதுவும் ஆகாது. "போயிடலாம்னு தோணுதாம்மா?" "சில நாள் தோணும் சாமி. இத இதுவரைக்கும் யாரும் கேக்கல."

அந்தம்மாகிட்ட சம்மதம் கேட்டுட்டு தான் மகன உள்ள கூப்பிட்டேன். சிகிச்சை அன்னிக்கே ஆரம்பிச்சோம், டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர் 14416ஐ ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்தேன், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.