ஃபெடரரின் பேக்ஹேண்டும் 4 சென்டிமீட்டர் கணக்கும்

"வயசாக ஆக ஆட்டக்காரரின் அடி தளரத்தானே வேண்டும்? டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரருக்கு 35 வயசில் பேக்ஹேண்ட் மட்டும் எப்படிப் புதுசாக வந்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை, புறங்கை முன்னால் வர அடிப்பதுதான் பேக்ஹேண்ட். 2017 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியில் அவர் ரஃபேல் நடாலை எதிர்த்து ஆடியதைப் பார்த்த பலருக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். விடையின் பெரும்பகுதி பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது.

முதலில் பிரச்சினையைப் பார்ப்போம். ரஃபேல் நடால் இடக்கை ஆட்டக்காரர். அவர் ஃபோர்ஹேண்டில், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கத்திலிருந்து, குறுக்காக அடிக்கும் பந்து வலக்கை ஆட்டக்காரரான ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம்தான் போகும். அதுவும் கடுமையான டாப்ஸ்பின்னோடு, அதாவது முன்னோக்கிய சுழற்சியோடு, போகும். அதிவேகக் கேமராவில் அளந்தபோது நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 3,200 முறை சுழன்றது. முந்தைய தலைமுறையின் சாம்ப்ராஸ், அகாசி அடித்த பந்துகள் 2,000 சுழற்சியைக்கூடத் தொடவில்லை. முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே தள்ளும். இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். மட்டையைச் சாய்த்து அடித்தால் டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பதாக நியூட்டனே 1672இல், ஒளியைப் பற்றிய கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். வளைந்து செங்குத்தாக இறங்கும் பந்து, தரையில் பட்டதும் உயரமாகத் துள்ளும்.

ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு அந்த உயரம்தான் எமன். இடுப்பு உயரத்தில் பந்து வந்தால் காலும் இடுப்பும் சேர்ந்து விசை கொடுக்கும். தோளுக்கு மேலே போய்விட்டால், தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகளே பெரும்பாலும் வேலை செய்ய வேண்டியிருக்கும். இரண்டு கையால் அடிப்பவருக்கு மற்ற கை துணை நிற்கும். ஃபெடரருக்கு அது இல்லை. களிமண் தரையில் பந்து இன்னும் உயரத் துள்ளும். பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டிகளில் 2006, 2007, 2008, 2011 என நான்கு முறை நடாலிடம் அவர் தோற்றதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

பின்னால் போய்ப் பந்து இறங்கும்வரை காத்திருக்கலாம். ஆனால் அதற்குள் நடால் அடுத்த அடிக்குத் தயாராகிவிடுவார். ஸ்லைஸ் செய்து, அதாவது பந்தைக் கீழ்நோக்கி வெட்டிப் பின்சுழற்சி கொடுத்து, சமாளிக்கலாம். ஃபெடரர் பல வருடம் பெரும்பாலும் இதைத்தான் செய்தார். மூன்றாவது வழி, பந்து துள்ளி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அடித்துவிடுவது. சொல்வது சுலபம். செய்வது ஏன் அத்தனை கஷ்டம் என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க ஆசை.

பந்து துள்ளி 1.6 மீட்டர் உயரம் வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் ஒரு கணம் அதன் மேல்நோக்கிய வேகம் பூஜ்யம். அந்த நேரத்தில் அடிக்க முயன்று, நூறில் ஒரு நொடி பிந்திவிட்டால் என்ன ஆகும்? அதற்குள் பந்து கீழே இறங்கியிருப்பது அரை மில்லிமீட்டர்தான். மட்டைக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இப்போது அதே பந்தை 0.8 மீட்டர் உயரத்தில், ஏறும்போதே அடிக்கப் பாருங்கள். அங்கே அது நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும். அதே நூறில் ஒரு நொடி பிசகினால் பந்து 4 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதே பிழை, விளைவோ 80 மடங்கு! மட்டையின் தலை அகலமே ஏறத்தாழ 24 சென்டிமீட்டர்தான். 4 சென்டிமீட்டர் என்றால் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு.

நடுக்கோட்டிலிருந்து விலகிப் பட்டால் மட்டை கையிலேயே முறுக்கிக்கொள்ளும். பந்தின் திசையும் கெடும், வேகமும் குறையும். பந்து மட்டையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஆயிரத்தில் 5 நொடி. பட்ட அதிர்ச்சி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிவிட்டிருக்கும். ஆகவே, அந்த நேரத்தில் முறுக்கலைத் தடுக்க வேண்டியது மட்டையேதான். கயிற்றின் மேல் நடப்பவர் நீளமான கழியைப் பிடித்திருப்பார் அல்லவா? நடுவிலிருந்து எடை தள்ளி இருந்தால் திருப்புவது கடினம். அதுவும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கடினம். ஃபெடரர் பல காலமாக 90 சதுர அங்குலத் தலை கொண்ட மட்டையில் ஆடினார். 2014இல் 97க்கு மாறினார். எடையும் வடிவமும் அதேதான் என்று கொண்டு கணக்குப் போட்டால், அகலம் சுமார் 4 சதவீதம் கூடுகிறது, முறுக்கலுக்கு எதிரான தடை சுமார் 8 சதவீதம் கூடுகிறது. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பேக்ஹேண்டிலும் அந்த 8 சதவீதம் கூடவே வருகிறது.

சரி, இத்தனை சிரமத்துக்கு என்ன லாபம்? பந்து தரையில் பட்டு 0.8 மீட்டர் ஏற 0.17 நொடி ஆகும். உச்சிக்குப் போக 0.57 நொடி. முன்னாலேயே அடித்தால் எதிராளியின் கையிலிருந்து 0.4 நொடி பறிபோகிறது. டென்னிஸில் அது பெரிய சொத்து.

இங்கேதான் வயதின் கதை வருகிறது. கண்ணால் பார்த்துக் கை மாற்றிக்கொள்ள மனிதருக்குச் சுமார் 0.2 நொடி வேண்டும். கையில் இருப்பதோ 0.17. அதாவது, பந்து எப்படித் துள்ளியது என்று பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடையாது. எங்கே பட்டு எப்படி எழும் என்பதைப் பந்து வலையைத் தாண்டி வரும்போதே முன்கூட்டிக் கணித்துவிட வேண்டும். அந்தக் கணிப்பு பல்லாயிரம் பந்துகளைப் பார்த்துப் பார்த்து மூளையில் படிவது. கால் தளரும் வயதில் இது கூடிக்கொண்டே போகலாம். பின்னால் ஓட வேண்டிய தூரமும் குறைகிறது.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2013 விம்பிள்டனில் இரண்டாவது சுற்றிலேயே ஸ்டகோவ்ஸ்கியிடம் தோற்றார். அத்துடன், டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் தொடர்ந்து 36 முறை காலிறுதிக்குப் போன சாதனை முடிந்தது. அடுத்த வருடம் மட்டையை மாற்றினார். 2015இல் எதிராளியின் இரண்டாவது சர்வை (முதல் சர்வ் தவறினால் ஆட்டத்தைத் தொடங்கக் கிடைக்கும் மறுவாய்ப்பு அடியை), முன்னால் ஓடிப்போய்த் துள்ளிய உடனே அடிக்கும் வித்தையைக் காட்டினார். பலர் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். எனக்கென்னவோ அது ஏறும் பந்துக்கான கடும் பயிற்சி என்றே தோன்றுகிறது. 2016இல் முழங்கால் அறுவை சிகிச்சை, அப்புறம் ஆறு மாத ஓய்வு.

இதையெல்லாம் விட்டுவிட்டு "அது கடவுள் கொடுத்த கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சொல்வதும் ஒரு மூடநம்பிக்கைதான். அந்த மனிதரின் உழைப்பை அது மறைத்துவிடுகிறது. அதேபோல, பந்து எப்படிப் பறக்கிறது என்று ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு, 1877இல் டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பறத்தலைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். விளையாட்டு ஆய்வகங்களுக்கு நம் நாட்டில் தாராளமாகவே செலவழிக்கலாம்.

மெல்போர்னில் ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்த ஃபெடரர், அடுத்த ஐந்து கேம்களையும் வென்றார். 6-4, 3-6, 6-1, 3-6, 6-3. அதே வருடம் இந்தியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய் போட்டிகள் மூன்றிலும் நடாலை நேர் செட்களில், அதாவது ஒரு செட்டைக்கூட விடாமல், தோற்கடித்தார். நான்குமே கடினத் தரை. அங்கே துள்ளல் சீராக இருக்கும், கணித்தது கணித்தபடி நடக்கும். களிமண் அப்படி இல்லை. 2017, 2018 இரண்டு வருடமும் களிமண் போட்டிகளையே அவர் தவிர்த்தார். 2019 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில், பலத்த காற்றுக்கு நடுவே நடாலை மீண்டும் சந்தித்தார். காற்று பந்தை அலைக்கழித்தது, தரை அதை இஷ்டத்துக்கு எழுப்பியது. திருத்திக்கொள்ள நேரமில்லாத அடிக்கு இரண்டுமே பகை. நடால் 6-3, 6-4, 6-2 என்று வென்றார்.