பனிக்காற்றிலிருந்து வெப்பம் எடுப்பது எப்படி?

லண்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் பழசாகிவிட்டது. ஹீட் பம்ப் போடச் சொல்கிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்குமாம். நம்பவே முடியவில்லை. பேசாமல் பசுமை கேஸ் வரும்வரை காத்திருக்கலாமா?"

சந்தேகம் நியாயமானது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று படித்தவர்களுக்கு அந்தக் கணக்கு இடிக்கத்தான் செய்யும். விடை எளிது: மூன்றில் இரண்டு யூனிட் வெளிக்காற்றிலிருந்து வருகிறது. ஹீட் பம்ப் அதை அள்ளி உள்ளே சேர்க்கிறது.

பனி கொட்டும் காற்றில் ஏது வெப்பம்? 0 டிகிரி என்பது தண்ணீர் உறையும் வெப்பநிலை, அவ்வளவுதான். இதற்குமேல் குளிரவே முடியாது என்ற எல்லையான தனிச்சுழியிலிருந்து பார்த்தால் அது 273 டிகிரி மேலே இருக்கிறது. வெப்பம் இருக்கிறது, ஆனால் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு அது தானாகப் போகாது. போக வைக்கும் வழிதான் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம்.

பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், குறைந்தால் குறையும். புதிய ஹீட் பம்புகள் பலவற்றில் புரொப்பேன் ஓடுகிறது. வெளியே இருக்கும் குழாய்ச் சுருளில் அதை சுமார் 3.5 பார் அழுத்தத்தில் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வைத்தால், மைனஸ் 10 டிகிரியிலேயே கொதிக்கும். வெளிக்காற்று மைனஸ் 2 டிகிரி என்றால், நமக்கு நடுக்கம். புரொப்பேனுக்கோ அது அடுப்பு! காற்றின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவியை கம்ப்ரசர் 17 பாருக்கு அழுத்துகிறது. மின்சாரம் பெரும்பாலும் செலவாவது இங்கேதான். 17 பாரில் புரொப்பேனின் கொதிநிலை சுமார் 50 டிகிரி. ஆகவே அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் 45 டிகிரி தண்ணீர்கூட அதைக் குளிரவைத்துத் திரவமாக்கிவிடும். ஆவியாகும்போது வெளியே வாங்கிய உள்ளுறை வெப்பம் முழுவதும், கம்ப்ரசர் கொடுத்த ஆற்றலோடு சேர்ந்து, வீட்டுக்குள் இறங்குகிறது. அப்புறம் ஒரு வால்வு அழுத்தத்தைத் தளர்த்த, திரவம் மறுபடி மைனஸ் 10-க்கு வந்துவிடுகிறது.

இது நேற்று வந்த சரக்கு இல்லை. சூடாக்கவும் இந்த வழி உதவும் என்று இயற்பியலாளர் கெல்வின் 1852-இலேயே எழுதினார். சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938-இல் லிம்மாட் ஆற்றுநீரிலிருந்து வெப்பம் எடுத்தது. இன்று நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது.

சரி, பசுமை கேஸ்? ஹைட்ரஜன், பயோமீத்தேன் இரண்டையும்தான் அப்படிச் சொல்கிறார்கள். முதலில் ஹைட்ரஜன். காற்றாலையின் 100 யூனிட் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால் சுமார் 70 மிஞ்சும். அதைச் சேமித்து, அனுப்பி, பாய்லரில் எரித்தபின் வீட்டுக்குக் கிடைப்பது 60 அளவில். அதே 100 யூனிட் ஹீட் பம்புக்குப் போனால் 300-ஐ ஒட்டி வரும். ஒரே வீட்டைச் சூடாக்க ஐந்து மடங்கு காற்றாலைகள் எதற்கு? பிரிட்டனில் விட்பி, ரெட்கார் பகுதி வீடுகளுக்கு ஹைட்ரஜன் கொடுத்துப் பார்க்கும் திட்டங்கள் இரண்டும் 2023-இல் கைவிடப்பட்டன. அந்த முனைப்பை ஹீட் பம்ப் பொருத்தும் ஆட்களுக்குப் பயிற்சி தருவதில் காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாணத்திலிருந்து வரும் பயோமீத்தேன் நல்ல பொருள். பன்றிப் பண்ணைகள் நிறைந்த டென்மார்க்கில் கேஸ் பயன்பாட்டில் அதன் பங்கு கணிசம். ஆனால் அந்த நாடே வீடுகளை கேஸிலிருந்து விடுவித்துக்கொண்டிருக்கிறது. சாணமும் கழிவும் அளவோடுதான் கிடைக்கும். வேறு வழியில்லாத தொழிற்சாலைகளுக்கு அது போகட்டும்.

ஆகவே வாசகர் காத்திருக்க வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் தண்ணீர் எவ்வளவு குறைந்த சூட்டில் போதுமோ, கம்ப்ரசருக்கு அவ்வளவு வேலை குறைவு. எனவே முதலில் வீட்டின் குளிர் நுழையும் இடுக்குகளை அடைத்துவிடுங்கள், தேவையானால் பெரிய ரேடியேட்டர் போடுங்கள். அடுத்தது பணம். பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் கேஸைப் போல சுமார் 4 மடங்கு விலை. பசுமைத் திட்டங்கள் போன்ற அரசுக் கொள்கைகளுக்கான செலவுகளை மின்கட்டணத்தின் மேலேயே அதிகம் ஏற்றிவந்ததும் அதற்கு ஒரு காரணம். சாதாரணக் கட்டணத்தில் பில் பெரிதாகக் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யலாம். ஹீட் பம்ப் வீடுகளுக்கென்று இருக்கும் தனிக் கட்டணத் திட்டத்தை விசாரித்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.