கேண்டீன் சாப்பாட்டால் ஆஸ்பத்திரி: அபராதம் அரசுக்கு, இழப்பீடு யாருக்கு?

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு ஹாஸ்டலிலோ கம்பெனி கேண்டீனிலோ சாப்பிட்டுவிட்டுப் பத்து இருபது பேர் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பெனி பில்லைக் கட்டும், கேண்டீன் காண்ட்ராக்டரை மாற்றும். அதிகாரிகள் வந்து மாதிரி எடுப்பார்கள், அபராதம் போடுவார்கள். அந்த அபராதம் அரசுக் கணக்குக்குப் போய்விடும். டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்துக் கிடந்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

அவருக்கென்று சட்டத்தில் தனியாக ஒரு தொகை இருக்கிறது. உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 65. உணவால் ஒருவர் இறந்துபோனால் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய். கொடுங்காயம் என்றால், அதாவது சிறுநீரகம் கெடுவது போன்ற பெரும் பாதிப்பு என்றால், 3 லட்சம் வரை. மற்ற எல்லாப் பாதிப்புக்கும் 1 லட்சம் வரை. சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் இதைக் கொடுத்து முடிக்க வேண்டும் என்றும், மரணம் என்றால் 30 நாளுக்குள் இடைக்கால நிவாரணம் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இறப்பும் கொடுங்காயமும் நேர்ந்த வழக்குகளில் லைசென்ஸை ரத்து செய்யவும் சொத்தைப் பறிமுதல் செய்யவும்கூட அதிகாரம் உண்டு.

இந்தத் தொகை தானாக வீடு தேடி வராது. தீர்ப்பு அதிகாரியோ நீதிமன்றமோ உத்தரவு போட வேண்டும். நம் மாவட்டங்களில் அந்தத் தீர்ப்பு அதிகாரி மாவட்ட வருவாய் அலுவலர், எல்லோரும் டி.ஆர்.ஓ. என்று சொல்கிறவர். அவர் மேசைக்கு வரும் கோப்பில் கம்பெனி பெயர் இருக்கும், ஆய்வக அறிக்கை இருக்கும். பாதிக்கப்பட்டவர் எழுதிக் கொடுக்காவிட்டால் அவருடைய பெயர் அதில் எங்கே வரும்? ‘தரக்குறைவு’ என்று வழக்கை முடித்து 5 லட்சம் வரை அபராதம் போடுவது சுலபமான வழி. ‘பாதுகாப்பற்ற உணவு’ என்று கொண்டுபோனால்தான் பிரிவு 59 வரும், ஜெயில் வரும். அதனால் ஆளுக்குப் பாதிப்பு என்று காட்டினால் தண்டனை கூடும். சாதாரண பாதிப்புக்கு ஓராண்டு வரை, கொடுங்காயத்துக்கு ஆறு ஆண்டு வரை, மரணத்துக்குக் குறைந்தது ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. ஆக, பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் ஆஸ்பத்திரித் தாள்தான் வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சரி, யாரைப் பிடிப்பது? கம்பெனியைக் கேட்டால் காண்ட்ராக்டரைக் காட்டும். காண்ட்ராக்டர், அரிசி போட்ட கடையைக் காட்டுவார். சட்டத்தில் ‘உணவுத் தொழில்’ என்பதற்கு விளக்கம் அகலமானது. லாபத்துக்கு நடத்தினாலும் இல்லாவிட்டாலும், கேட்டரிங் உட்பட, உணவு தயாரித்துக் கொடுப்பவர் எவரும் அதில் அடங்குவர். அதனால் ‘நாங்கள் இலவசமாகத்தான் போட்டோம்’ என்ற பேச்சு எடுபடாது. சமையலறைக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவு பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், அதைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்கவும் வேண்டும். அந்தச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள், முடிந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். சான்றிதழில் இருக்கும் பெயர்தான் முதல் எதிராளி.

அந்தப் பெயர் ஒரு கம்பெனி என்றால் பிரிவு 66. கம்பெனியும் குற்றவாளி, அப்போது தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி. ஆனால் இதில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். பல கிளைகள் உள்ள நிறுவனம் ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரை உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளராக நியமிக்கலாம். நியமித்துவிட்டால் அந்தக் கிளையில் நடந்ததற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. சமையல் சூப்பர்வைசர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். ஃப்ரீசர் வாங்கக் காசு ஒதுக்காதது அவரா?

அதற்கு அடுத்த உட்பிரிவுதான் தொழிலாளர் கையில் எடுக்க வேண்டியது. இயக்குநர், மேலாளர், செயலாளர் இவர்களில் யாருடைய சம்மதத்தாலோ, உடந்தையாலோ, அலட்சியத்தாலோ குற்றம் நடந்தது என்று காட்டினால் அவரும் மாட்டுவார். அலட்சியத்தை எப்படிக் காட்டுவது? ‘சாம்பாரில் புழு’ என்று மூன்று மாதம் முன்பு எச்.ஆருக்குப் போட்ட மெயில், கேண்டீன் கமிட்டிக் கூட்டத்தில் எழுதிய புகார், வாட்ஸ்அப் குழுவில் தேதியோடு கிடக்கும் போட்டோ. வாயால் சொன்ன நூறு புகாரைவிட எழுத்தில் உள்ள ஒன்று போதும். அமெரிக்காவில் 2008-09இல் நிலக்கடலைப் பொருட்களில் சால்மொனெல்லா என்ற கிருமி பரவி ஒன்பது பேர் இறந்த வழக்கில், பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா நிறுவனத்தின் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெலுக்கு 2015இல் 28 ஆண்டு சிறை கிடைத்தது. தெரிந்தே சரக்கை அனுப்பினார் என்பதை நிரூபிக்க அவருடைய சொந்த மின்னஞ்சல்களே உதவின.

நம் பக்கம் நினைவிருப்பது 2021 டிசம்பர். ஆப்பிளுக்கு ஐபோன் செய்து கொடுக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்டு 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஓடுகிற அதே ரோடு. ஆலை மூடப்பட்டு, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. ரோட்டில் உட்கார ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தால் அது நடக்கும். இருபது பேர் மட்டும் உள்ள மெஸ்ஸில் காகிதம்தான் துணை.

அந்தக் காகிதம் முதல் இரண்டு நாளில் சேர்ந்தால்தான் உண்டு. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சாப்பிட்ட இரண்டு மூன்று மணியில் வாந்தி என்றால் ஒரு வகைக் கிருமி, மறுநாள் காய்ச்சலோடு பேதி என்றால் வேறு வகை. எந்த வேளைச் சாப்பாடு என்பதை இந்த நேரக் கணக்குதான் காட்டிக் கொடுக்கும். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் மலப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே ‘வயிற்றுக் கோளாறு’ என்று எழுதினால் விடாதீர்கள். உணவு உண்டபின் ஏற்பட்டது என்ற வரி வேண்டும்.

அதே நாளில் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் புகார் அனுப்புங்கள். அந்தத் துறையின் மாவட்டப் பொறுப்பாளரான மாவட்ட நியமன அலுவலருக்கும் தெரிவியுங்கள். பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் முன் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுப்பதுதான் வழக்குக்கு உயிர். பெரிய கேண்டீன்கள் சிலவற்றில் ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கும் வழக்கம் உண்டு. அதைக் கேட்டு வாங்கச் சொல்லி அலுவலரிடம் நினைவூட்டுங்கள். உங்கள் டிபன் பாக்ஸில் மீந்ததை வைத்து மட்டும் வழக்கு நிற்பது கஷ்டம். முறைப்படி எடுத்த மாதிரி சேலம் அரசு ஆய்வகம் போன்ற இடத்துக்குப் போகும், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும்.

பாக்கெட் பொருள் என்றால் வேலை இன்னும் சுலபம். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு டிரம்முக்கும் பேட்ச் எண் உண்டு. ஒரு பேட்சில் ஒரு பாக்கெட் பாதுகாப்பற்றது என்று தெரிந்தால் அந்தப் பேட்ச் முழுவதும் பாதுகாப்பற்றது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், அப்படி இல்லை என்று காட்டும் சுமை கம்பெனி தலையில். சந்தையிலிருந்து திரும்ப எடுக்க வேண்டிய கடமையும் கம்பெனிக்கே. கடைக்காரர், தான் யாரிடம் வாங்கினார் என்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு அவர்மேல் விழும். ஆகையால் பாக்கெட்டைக் குப்பையில் போடாதீர்கள், பில்லையும்.

போலீஸில் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கலப்பட உணவு விற்பனைக்கு உணவு பாதுகாப்புச் சட்டம்தான் மேலோங்கும், அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.) 272, 273இல் தனியாக வழக்கு நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. உயிரிழப்பு நேர்ந்தால் போலீஸ் கட்டாயம் வேண்டும். மற்றபடி ஸ்டேஷனோடு நின்றுவிட்டால் இழப்பீட்டுக் கோரிக்கை நகராது.

கோரிக்கை மனுவை டி.ஆர்.ஓ.வுக்கு எழுதி, பிரிவு 65இன் கீழ் இழப்பீடு கோருவதாகத் தெளிவாகக் குறிப்பிட்டு, நகலை மாவட்ட நியமன அலுவலருக்குக் கொடுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். ஆறு மாதக் கெடு சம்பவ நாளிலிருந்து ஓடுகிறது, ஆய்வக அறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனியாக நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். பே ஸ்லிப்பில் ‘கேண்டீன் பிடித்தம்’ என்று ஒரு வரி இருந்தால் அதை இணையுங்கள், காசு கொடுத்துச் சாப்பிட்டதற்கு அதுவே சாட்சி. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

இதற்கிடையில் எச்.ஆர். ஒரு தாளை நீட்டினால் படித்துப் பாருங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, ‘ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடிக்க விடமாட்டோம் என்றால் கையெழுத்தே வேண்டாம்.