வார்டின் மூன்றாம் வரிசை

மருத்துவக் கல்லூரியோடு இணைந்த எந்த மருத்துவமனையிலும் காலை ரவுண்ட்ஸை, அதாவது மருத்துவர்கள் கட்டில் கட்டிலாக நோயாளிகளைப் பார்த்துவரும் சுற்றை, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கட்டிலை ஒட்டிப் பேராசிரியர் நிற்பார். அவருக்குப் பின்னால் உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள். எல்லோருக்கும் கடைசியில், நோயாளியின் முகம்கூடத் தெரியாத தூரத்தில் இளநிலை மாணவர்கள். முன்னால் பேசுவது அவர்கள் காதில் விழாது. கேள்வி மட்டும் வந்து விழும்: "அந்தக் கண்ணாடி போட்ட பெண், நீ சொல்." பெயர் யாருக்கும் தெரியாது. பதில் வரவில்லை என்றால் ஒரு சிரிப்பலை. மறுநாள் அந்த மாணவி இன்னும் பின்னால் போய் நிற்பார்.

படிப்பில் ஆர்வமில்லாதவர் என்று அவரைப் பற்றி முடிவு கட்டிவிடுவார்கள். வார்டில் நெடுங்காலம் கற்பித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. தான் வராவிட்டாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்ட இடத்தோடு ஒருவருக்கு எப்படி ஒட்டுதல் வரும்?

கல்லூரிகள் ஒட்டுதலை உண்டாக்க விழாக்களை நம்புகின்றன. புதிய மாணவர்களுக்கு மருத்துவரின் வெள்ளைக் கோட்டை மாட்டிவிடும் விழா, 1993இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நல்ல விழாதான். ஆனால் கோட்டை மாட்டிவிட்ட கை அடுத்த வாரம் அந்த மாணவரை அடையாளம் கண்டுகொள்கிறதா என்பதல்லவா கேள்வி.

இது வெறும் மனக்குறை சார்ந்த விஷயமல்ல. 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மாணவர்களில் 27 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் இருந்தன. 11 சதவீதத்தினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் சுமார் 16 சதவீதம் மட்டுமே. எல்லாவற்றுக்கும் தனிமைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தேர்வுச் சுமை உண்டு, தூக்கமின்மை உண்டு. ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பவர்கள் மருத்துவரிடம் போகத் தயங்குகிறார்கள் என்றால், 'இவனுக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது' என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயம் அதில் பெரும் பங்கு வகிக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களிடமும், பாடமொழியில் தடுமாறுபவர்களிடமும் இந்தப் பயத்தை அதிகம் பார்க்கிறேன். ஆய்வு வாய்ப்பை யாரிடம் கேட்பது, எந்த ஆசிரியரை எப்போது அணுகலாம் என்பதெல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைத்தால் என்ன? முதல் வாரத்தில் கொடுக்க ஒரு பக்கம் போதும்.

வார்டில் பலன் தரும் வழி எளிமையானது. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு நோயாளிகளைப் பொறுப்பாகக் கொடுங்கள். மருந்து எழுதும் பொறுப்பல்ல. நேற்றிரவு தூங்கினாரா, புதிய மாத்திரை எதற்கென்று அவருக்குப் புரிந்ததா, வீட்டுக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டறிந்து ரவுண்ட்ஸில் சொல்ல வேண்டும். இப்படிப் பொறுப்பேற்ற ஒரு மாணவர், தன் நோயாளி சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய நீரிழிவு மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டார் என்பதைக் கண்டுபிடித்தார். எங்கள் கேஸ் ஷீட்டில் மாத்திரை தவறாமல் கொடுக்கப்பட்டதாகவே இருந்தது. அன்று பேராசிரியர் அவருக்காக நகர்ந்து இடம் விட்டார். எந்த வரவேற்புரையும் அதைச் செய்திருக்காது.

இதற்குப் பெரிய தடை போஸ்டிங் முறை. சில வாரங்களுக்கு ஒரு துறை என்று மாற்றிக்கொண்டே இருந்தால், ஆசிரியர் பெயரைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் மாணவர் அடுத்த துறைக்குப் போய்விடுவார். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1971இலேயே மருத்துவ மாணவர்களை மாதக்கணக்கில் ஒரே கிராமப்புறச் சமூகத்தில் தங்கிப் படிக்க வைக்கத் தொடங்கியது. 2005இல் முதல் மாணவர்களைச் சேர்த்த கனடாவின் வடக்கு ஒன்டாரியோ மருத்துவப் பள்ளியில் மூன்றாம் ஆண்டின் எட்டு மாதங்கள் ஒரே ஊரில் கழிகின்றன. அங்கே குழந்தை மருத்துவம் தனி, அறுவை சிகிச்சை தனி என்ற போஸ்டிங் இல்லை. வருகிற நோயாளியோடு பாடமும் வருகிறது. அதே முகங்கள், அதே ஆசிரியர்கள். மாணவர் வராத நாளில் விசாரிக்கிறார்கள்.

கல்லூரிக்கு வெளியே மக்களோடு நாம் வைத்துக்கொள்ளும் உறவிலும் இதே கோளாறுதான். மருத்துவப் பள்ளிகளின் கல்வியும் ஆய்வும் சேவையும் தாங்கள் சேவை செய்யும் மக்களின் முதன்மையான உடல்நலத் தேவைகளை நோக்கி அமைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1995இல் சொன்னது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஒரு குழு மாணவர்கள் படிவத்தோடு வீடு வீடாகப் போகிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு வேறு குழு, அதே படிவம். "போன முறை எழுதிக்கொண்டு போனீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று ஒரு பெண்மணி வாசலில் நின்றபடியே எங்கள் மாணவர்களைக் கேட்டார். அவர் ரத்த அழுத்தம் அப்போதே அதிகமாக இருந்தது. அது துறையின் கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்ந்ததே தவிர, அவரிடம் திரும்பிப் போகவில்லை. மக்கள் ஒத்துழைப்பதில்லை என்று புகார் சொல்லும் கல்லூரிகள் இந்த வாசலில் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

அதே வீடுகளுக்கு அதே மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் போக வேண்டும். எடுத்த அளவுகள் மூன்று வாரத்துக்குள் வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டும். அடுத்து எதைப் பற்றிப் பேசலாம் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். நாம் புகையிலை என்று திட்டம் போட்டிருப்போம், அவர்கள் குடிநீர் என்பார்கள். குடிநீரிலிருந்து தொடங்குவதுதான் சரி. கல்லூரிக்கு வந்து வகுப்பில் பேசும் ஊர்க்காரருக்கு வருகைதரு பேராசிரியருக்குத் தருவதைப்போல மதிப்பூதியம் தர வேண்டும். அவரும் ஒருநாள் கூலியை விட்டுத்தான் வருகிறார்.

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் எண்ணும் வரை, வீட்டுச் சந்திப்புகள் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் தலையில்தான் விழும். அவரும் ஆறு மாதத்தில் மாற்றல் கேட்பார். கால அட்டவணை இன்னொரு தலைவலி. இந்த வீட்டுச் சந்திப்புகள் அடங்கிய சமுதாய மருத்துவப் பாடத்துக்குப் பெரும்பாலும் மதியம் இரண்டு மணியைத்தான் ஒதுக்குகிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரம். அதை வாரத்தில் ஒரு மாலைக்கு மாற்றக் கல்லூரி முதல்வரின் ஒரு கையெழுத்து போதும்.